ஐந்து மணிக்கு நின்றுபோன வைஃபை

மூத்த மருமகள் என்ற பட்டத்தை அவள் ஒரு நாளும் இலேசாக எடுத்துக்கொண்டதில்லை. கண்ணாடிக் கடையில் பத்து வருடமாகக் கண் சோதித்துப் பவர் குறிக்கிறவள். தெருவுக்கே கண்ணாடியக்கா. "போனை வச்சிட்டு வெளியே போய் விளையாடு" என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறவளின் ஒன்பது வயது மகள், டேப்லெட்டை முகத்தோடு ஒட்டிக்கொண்டு சோபாவில் கிடந்தாள். அந்த மூக்கிலும் ஒரு கண்ணாடி ஏறினால் குடும்ப மானம் கடை வாசலிலேயே கப்பலேறிவிடும்.

கீழ்வீட்டில் ஓரகத்தி. பேக்கரியில் விடியற்காலை வேலை. மதியம் மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் முழங்காலில் மண்ணோடு திரியும்.

"சின்னவளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியுது" என்றார் மாமியார் ஒரு நாள். பெரியவளுக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டே சொல்லியிருந்தால்கூட இவளுக்கு அத்தனை எரிந்திருக்காது.

மேல்வீடு, கீழ்வீடு, பின்கட்டில் குடியிருக்கும் இரண்டு குடும்பம், எல்லாருக்கும் ஒரே வைஃபை. பெட்டி மூத்தவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் தன் படுக்கையறை அலமாரி மேல் வைத்திருந்தாள். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கடையிலிருந்து வந்ததும், யாருக்கும் தெரியாமல் அதன் சுவிட்சை அணைத்தாள். ஏழு மணிக்குப் போட்டாள். மறுநாளும் அப்படியே.

புதன்கிழமை மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். வியாழக்கிழமை முற்றத்தில் ஒன்பது பிள்ளைகள். நடுவில், கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சின்னவள்.

"உங்க ஓரகத்திக்குக் கைராசிக்கா" என்றார் பின்கட்டு டெய்லர். "எம் பையன் போனைத் தூக்கிப் போட்டுட்டு ஓடறான்."

"நெட் இல்லன்னா எல்லாரும்தான் ஓடுவாங்க."

"அது ஏதோ லைன் கோளாறு. தானா சரியாயிரும்."

உண்மையைச் சொன்னால் ஊர் நெட்டை அறுத்தவள் மூத்த மருமகள் என்றாகும். விழுங்கிக்கொண்டாள். சாப்பிடும்போது கணவரும் அதே பாட்டைத் தொடங்கினார்: "தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரிதான்."

"ஆமா. நான்தான் கண்ணில்லாம இருக்கேன்."

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நாளையிலேருந்து சித்திதாம்மா எனக்குத் தலை பின்னணும். நீ இழுக்கறே."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் சுவிட்சைத் தொடவில்லை. கைராசி எத்தனை நிமிடம் தாங்கும், பார்ப்போம் என்று ஜன்னலோரம் நின்றுகொண்டாள். டெய்லர் மகன் வரவில்லை. பின்கட்டில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. சின்னவளின் சொந்தப் பிள்ளைகளே உள்ளே கார்ட்டூனில் மூழ்கிவிட்டன. புதிதாக வாங்கிய நீளக் கயிறோடு சின்னவள் தனியாக நின்றாள். பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பின்னால் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது.

"நெட் இருக்கேடி, பாக்கலையா?"

"பாத்தேன். சித்தி தனியா நிக்கறாங்க."

"நிக்கட்டும்."

வாய் தவறி வந்துவிட்டது. மகள் விறுவிறுவென்று படியிறங்கினாள். ஒரு வாரமாக இவள் எதற்குப் பாடுபட்டாளோ அது கண்முன்னே நடந்து போனது. அவளால்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

அவளும் இறங்கினாள்.

"இந்த வாரம் பூரா நெட்டை அணைச்சது நான்தான்" என்றாள் சின்னவளிடம், எடுத்த எடுப்பில்.

"தெரியும்க்கா. கடிகாரம் பாத்து நிக்கற கோளாறு எந்த லைன்ல இருக்கு?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"மூத்தவங்க மானம். நான் எப்படிச் சொல்லுவேன்?"

இதிலும் முந்திக்கொண்டாள். குடும்ப மானத்தைக்கூட இவள் கையிலிருந்து வாங்கி, அவளல்லவா காப்பாற்றியிருக்கிறாள். கண்ணாடியக்கா கயிற்றின் மறுமுனையைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். "சுத்து" என்றாள்.

இருவரும் சுற்றினார்கள். மகள் நடுவில் புகுந்து குதித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி இருபதைத் தாண்டியதும் மூச்சிரைக்க, "சித்தி, பாத்தீங்களா" என்றாள்.

"இந்தப் பக்கம் திரும்பிக் குதிடி" என்றாள் அம்மா.