முனிக்காட்டுக் கணக்கு

வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டு முடிந்து பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறத் தொடங்கியபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஞானரட்ணம், தோட்டத் தொழிலாளர் தலைவர் சிவசாமியை மட்டும் கைகாட்டி நிறுத்தினார். கண்டாக்கு ஒருவர் தலைவரைத் தனியாக நிறுத்தினால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் காரியம். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டு வந்ததால் காரியம்தான் என்று சிவசாமிக்குப் புரிந்துவிட்டது.

“தலைவரே, முனிக்காட்ட வெட்டச் சொல்லி கொழும்புலருந்து ஓடர் வந்திருக்கு. பெரிய தொர ஒங்ககிட்டத்தான் பேசச் சொன்னாரு.”

“அது நடக்காதுங்க ஐயா. அந்த மரத்துல கை வச்சா சனம் விடாது.”

“சாமிதானே பிரச்சின? ரோட்டோரமா நல்ல கோயிலாக் கட்டித் தர்றோம். டைல்ஸ் போட்டு, வளைவு வச்சு. கல்லுல ஒங்க பேரும் இருக்கும்.”

முனிக்காடு, நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதைக்கு மேலே, தொழிலாளர் குடியிருந்த லயங்களின் தலைமாட்டில் நின்ற பழங்காடு. வெள்ளைக்காரன் மலையை மொட்டையடித்துத் தேயிலை போட்டபோதுகூட அந்த உச்சியை விட்டுவைத்தான். நடுவில் ஒரு பெரிய மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு சூலமும் இருந்தன. அதுதான் முனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் அங்கே சேவல் அறுப்பார்கள். விறகு இல்லாமல் அடுப்பு அணைந்தாலும் அங்கே ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். காட்டின் காலடியில் கசிந்த ஊற்றைத்தான் குழாய் வைத்து லயத்துப் பீலிக்கு இறக்கியிருந்தார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஆனாலும் காட்டையும் பீலியையும் சேர்த்து யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. சாமிக்குப் பயந்தார்கள், காடு பிழைத்துக் கிடந்தது.

சிவசாமி கெட்ட மனிதரல்ல. கல்லில் பேர் என்றதும் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும் மனிதர், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி பூரணியும் சந்தோஷப்பட்டாள்.

“நல்லதுதானேங்க. இந்த முழங்கால வச்சுக்கிட்டு அந்த ஏத்தம் ஏற முடியல. கீழ இருந்தா வெள்ளிக்கெழமையில வெளக்காச்சும் போடுவேன்.”

லயத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் பூசாரி செல்லசாமி. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. கள்ளமறியாத குழந்தை ஒன்று எடுத்து, வெள்ளை வந்தால் முனிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் பேச்சு முடிந்தது. இலையில் மடித்துக் கட்டும் பொறுப்பைத் தலைவரிடமே கொடுத்தார்கள். தலைவர் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினார்.

வேறென்ன வரும்? தப்பு முழங்க, மூன்று கல்லும் சூலமும் கீழே இறங்கின. சாமி போன காட்டில் அச்சமும் போய்விட்டது. முதல் மரம் விழுந்த சத்தம் கேட்டபோது கொழுந்தெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அடுத்தடுத்த மரங்களுக்கு நிமிரக்கூட இல்லை. மரம் ஏற்றிய லொறிகள் கினிகத்தேனைப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தன.

ஆட்டை விற்றவன் காசை வரவில் எழுதினால், பட்டியில் ஆடு இல்லை என்பதையும் எழுத வேண்டும். மாடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த நியாயம் இது. தோட்டத்துக் கணக்கிலோ மரம் விற்றது வரவாக ஏறியது, காடு போனது பற்றில் எங்கும் இறங்கவில்லை. இலாபத்தில் முதலிடம் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குக் கொழும்பில் கேடயம் கொடுத்தார்கள். தோட்டத்தின் இலாபம் கம்பெனியின் இலாபமாகி, கம்பெனியின் இலாபம் நாட்டின் வளர்ச்சியாகிப் பத்திரிகையிலும் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு லயத்தில் வீட்டுக்கொரு இனிப்புப் பெட்டி கிடைத்தது.

வெயில் தொடங்கியதும் பீலித் தண்ணீர் நூலாக இளைத்தது. எப்போதும் எந்த வெயிலுக்கும் அசையாத பீலி அது. குடங்கள் வரிசையில் நின்றன, குடத்துக்காகச் சண்டை வந்தது. பூரணி அதே முழங்காலோடு பள்ளத்து ஓடைவரை இறங்கித் தண்ணீர் சுமந்தாள். ஒருநாள் குடத்தை வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவள் கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

“கோயில் ஏத்தம் இல்லாம போச்சுன்னு சிரிச்சேன். இப்ப தண்ணிக்கு ஏறுறேன்.”

சிவசாமிக்குச் சுருக்கென்றது. கண்டாக்கையாவிடம் போய்ப் பவுசர் வண்டியிலாவது தண்ணீர் கேட்டார்.

“வெயில் காலம் தலைவரே. மழ வந்தா எல்லாம் சரியாப் போயிரும்.”

மழை வந்தது. பிடித்து நிறுத்த ஒரு வேரும் இல்லாத மலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பூரணி மாற்றுச் சேலைக்காக லயத்தின் கடைசியிலிருந்த தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனாள். சிவசாமி அப்போது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றார். மேலே ஏதோ உறுமியது. திரும்பிப் பார்த்தபோது முனிக்காட்டு வெட்டை அப்படியே நடந்து வருவதுபோல் கீழே வந்தது. லயத்தின் கடைசி நாலு காம்பராக்கள் இருந்த இடத்தில் சேறு நின்றது. மண் சரிந்த இரண்டாம் நாள்தான் பூரணியை எடுத்தார்கள். கையில் அந்தச் சேலை இருந்தது.

மிச்சமிருந்த குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள், பிரதேச செயலகத்திலிருந்து தனுஷிகா என்ற அதிகாரி இழப்புகளைப் பதிய வந்தாள். பெரிய துரையும் கண்டாக்கையாவும் மெத்தைகளோடு வந்திருந்தார்கள்.

பூசாரி செல்லசாமி எழுந்து நின்றார். “இது முனி கோவம். அவரு எடத்துலருந்து எறக்கினது குத்தம். பரிகாரம் பண்ணாம வேலைக்கு எறங்கக் கூடாது.”

கூட்டம் ஆமாம் என்றது. பெரிய துரையும் ஆறுதலாகத் தலையாட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். “ஆமா, சாமி வேல. மழை ரொம்பக் கூட. நாங்க யாரும் ஒண்ணும் செய்ய ஏலாது.”

சிவசாமி அதுவரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி சாமியோடு போய்விடும்.

“சாமி மேல போடாதீங்க,” என்று எழுந்தார். “சாமிகிட்ட நாம கேக்கவே இல்ல. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவத்தான் நான் வச்சேன்.”

கூட்டத்திலிருந்து ராசம்மா வாசல் மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். மண் மூடிய அந்தக் கடைசிக் காம்பராக்களில் அவள் தங்கையும் இருந்தாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

தனுஷிகா மெதுவாகக் கேட்டாள். “ஐயா, ஒங்க வீட்டு இழப்ப எழுதணும். ஆள், தகரம், சாமான்னு சொல்லுங்க.”

“மொதல்ல காட்ட எழுதுங்க மிஸ்.”

“காட்டுக்கு இதுல எடம் இல்லைங்க ஐயா.”

“தெரியும். அன்னைக்குத் தொர எழுதின கணக்குலயும் இல்ல, நாட்டு வளர்ச்சின்னு பேப்பர்ல போட்ட கணக்குலயும் இல்ல. வெட்டி விழுத்தின மரத்துக்கு வெல போட்டீங்க. நின்ன காடு தண்ணி தந்துச்சு, மண்ணப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அதுக்கு யாரு வெல போட்டா? நாங்களும் போடல. சாமிய நம்பினோம், காட்டப் பாக்கல. இருக்கிறத அழிச்சிட்டு வரவுன்னு எழுதினா, அந்தப் பற்றுக் கணக்க யாராச்சும் கட்டித்தான் ஆகணும். எங்க வீட்டுல பூரணி கட்டிட்டா.”

கண்டாக்கையா மெத்தைகளை எண்ணத் தொடங்கினார்.

தனுஷிகா தாளின் அடியில், கட்டங்களுக்கு வெளியே, ‘முனிக்காடு’ என்று எழுதினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

“எழுதிட்டேன் ஐயா. ஆனா இது எந்தக் கூட்டல்லயும் சேராது.”

“சேர்ற வரைக்கும் மண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கும் மிஸ்.”