பிரேக் மாஸ்டரைப் பற்றி ஐந்து நிமிடம்

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. வியாழக்கிழமை மதியம் வரை அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: 'என் கணவர் ரொம்ப நல்லவர்.' அதையும் அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று சீட்டில் குறிப்பாள். அந்தச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில்தான் இந்த வரியும் இருந்தது.

அவளுடைய கணவர் முப்பத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஒரே ஒரு சின்ன வெள்ளைக் கார். ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், அவர் பக்கம் ஒரு பிரேக். தன் பக்கத்துப் பிரேக்கை அவர் மிதிக்கும் வேகத்தையும், மிதித்த கையோடு போடும் சத்தத்தையும் வைத்து ஊரே அவரைப் பிரேக் மாஸ்டர் என்று கூப்பிட்டது. அவர் உள்ளே இருந்தால் அந்த வண்டிக்கு ஹாரன் தேவையில்லை என்பார்கள். போன மாதம் ஒரு நாள் காலையில் மூன்று பேருக்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்து, சோபாவில் சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அறுபத்து மூன்று வயது.

பழைய மாணவர்கள் சேர்ந்து நூலகத்து மாடியில் நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்னால் நின்றவள் ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண். கடைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க பேசணும். அஞ்சு நிமிஷம் போதும்."

"மேடைன்னாலே எனக்குக் கை நடுங்கும்மா."

"மாஸ்டர் பக்கத்துல உட்கார்ந்தப்போ எங்களுக்கு நடுங்காத கையா? அப்படியே ஓட்டிப் பழகலையா?"

சரி என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் பின்னறையில் உட்கார்ந்தாள். திடீரென்று கை ஓட ஆரம்பித்தது. 'அவருக்குக் கோபம் வந்தால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். பசி வந்தால் நான்காவது தெருவுக்கும் கேட்கும். காய்கறிக் கடைக்குப் போனாலும் கூடையை வலப்பக்கமாகத் திருப்பு, இடப்பக்கமாகத் திருப்பு என்பார்...' நான்கு சீட்டுகள் நிரம்பின. ஒரு மாதமாக மூடிக் கிடந்த மனதுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி வந்து இறங்கினாள். மாஸ்டருடைய அக்கா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, சிவப்புப் பேனாவை மட்டும் இன்னும் விடவில்லை. முகம் கழுவிவிட்டு வந்ததுமே கையை நீட்டினாள்.

"எங்க, என்ன எழுதியிருக்கே, காட்டு."

படிக்கப் படிக்க அண்ணியின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இதென்னம்மா, இரங்கல் உரையா, போலீஸ் கம்ப்ளெயின்ட்டா?"

"இல்ல அண்ணி, உங்க தம்பி அப்படித்தானே..."

"அப்படித்தான் இருந்தான். அதுக்காக ஊரைக் கூட்டி வச்சு சொல்லணுமா? நாளைக்கு நான் எழுதித் தர்றேன். நீ படிச்சா போதும்."

சனிக்கிழமை பகல் முழுக்க அண்ணி சாப்பாட்டு மேஜையை விட்டு நகரவில்லை. ஒரு முழுத்தாள், இரண்டு பக்கமும், ஓரம் விட்டு, முத்து முத்தான கையெழுத்து. அமைதியின் உருவம், பொறுமையின் சிகரம், அதிர்ந்து ஒரு சொல் பேசியறியாதவர்.

மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்த மகள் அதை எடுத்துப் படித்தாள்.

"அத்தை, எங்க அப்பாவைப் பத்தித்தானே எழுதியிருக்கீங்க? வீடு மாறி வந்துடலையே?"

"போடி வாயாடி. போனவங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?"

சொல்லிவிட்டு அண்ணி அந்தத் தாளை வாங்கி உள்ளங்கையால் நீவிவிட்டாள். அம்மா இறந்தபோது மாஸ்டருக்கு ஆறு வயது, அண்ணிக்குப் பதின்மூன்று. தலை சீவி, பல் தேய்த்துவிட்டு, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, தம்பியைப் பிள்ளையாக வளர்த்தவள். அந்தத் தாளை எதிர்த்து ஒரு சொல் சொல்ல தம்பி மனைவிக்கு மனம் வரவில்லை.

"அண்ணி எழுதினதே இருக்கட்டும்" என்றாள்.

உண்மையில் இன்னொரு காரணமும் இருந்தது. சொந்தமாகப் பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்கே பயம். அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் மாஸ்டர் அவளுக்கு வண்டி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷப் பாடம், பத்து நாள் சண்டை. "பொண்டாட்டிக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறதும் ஓடுற மிக்ஸியில கையை விடுறதும் ஒண்ணுதான்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அதன் முதலாளிக்கும் மாஸ்டருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் டீ குடிக்கிற கடையில் மற்றவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காலை ஆறு மணிக்கு மாஸ்டர் கிளம்பினால், ஆறேகாலுக்கு இவள் கிளம்புவாள். நாற்பது நாள். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வாங்கியது கடையில் ஒரு லென்ஸ் பெட்டிக்குள் போனது. ரோஷம் ஆறியதும், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே நிரம்பி, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஸ்கூல் வேன்காரர், பல் டாக்டர், புதிதாக லைசென்ஸ் வாங்கிய தாத்தா ஒருவர். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எதிர்த்தெருக்காரர். அவரைப் பார்த்ததும் அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் பெண் அழைத்தாள். அவள் போய் மைக் முன்னால் நின்று தாளைப் பிரித்தாள்.

"அமைதியின் உருவமாகத் திகழ்ந்தவர் என் கணவர்."

கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதிர்ந்து ஒரு சொல் பேசியறியாதவர்."

மூன்றாவது வரிசையிலிருந்து 'க்ஹ்ர்க்' என்று ஒரு சத்தம். ஸ்கூல் வேன்காரர். ஆறடி மனிதர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு இருமுவதாகக் காட்டினார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்திலிருந்த பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். குலுக்கல் அந்த வரிசை முழுக்கப் பரவிப் பின்வரிசைக்கும் போனது. ஆம்புலன்ஸ் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அவள் அடுத்த வரியைப் பார்த்தாள். 'கடுஞ்சொல் என்பதே அவர் அகராதியில் இல்லை.' வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. முன்வரிசையில் அண்ணி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்று தாளை மடித்தாள். "அவர் கத்துவார்."

மாடி அதிர்ந்தது. கைதட்டல், சிரிப்பு, யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"என்னைத் தூணுன்னுதான் கூப்பிடுவார்!" என்று வேன்காரர் எழுந்து நின்றார். "ஒரே ஒரு தடவைதான் தூண்ல இடிச்சேன்!"

"எனக்கு அரை கிளட்ச்!" என்றார் பல் டாக்டர்.

"எல்லாம் தெரியும்" என்றாள் அவள். கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். இல்லை. "யாரை என்ன திட்டினார்னு சாப்பிடும்போது ஒண்ணு விடாம சொல்வார். ஆனா உங்ககிட்ட சொல்லாத ஒண்ணையும் சொல்வார். யாராவது முதல் தடவையா ரிவர்ஸ் சரியா எடுத்துட்டா அன்னைக்கு எங்க வீட்ல சாப்பாடு ஆறிடும். தட்டுதான் காரு. டம்ளர் சுவரு. எப்படித் திருப்பினாங்க, எங்க நிறுத்தினாங்கன்னு நடிச்சுக் காட்டுவார். தூணு டெஸ்ட்ல பாஸான அன்னைக்கு எங்க ரெண்டு டம்ளர் உடைஞ்சுது."

வேன்காரர் கைக்குட்டையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை சிரிப்பதற்கு அல்ல.

"சிக்னல்ல நின்னா சுத்திமுத்திப் பார்ப்பார். 'அது நம்ம பிள்ளை, இது நம்ம பிள்ளை, அந்த பஸ்ஸு நம்ம பொண்ணு'ன்னு எண்ணுவார். பச்சை விழுந்தது தெரியாம நிப்பார். பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிச்சா, 'எந்த மடையன்கிட்ட கத்துக்கிட்டான்'னு அவனையும் திட்டுவார்."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். அப்புறம், வந்தது வரட்டும் என்று, அதையும் சொன்னாள்.

"அவருக்கே தெரியாத ஒண்ணு இருக்கு. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. எதிர்த்தெரு அண்ணன்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

எண்பது நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. "அம்மா!" என்று மகளின் குரல் தனியாகக் கேட்டது. எதிர்த்தெருக்காரர் மெதுவாக எழுந்தார். வயதால் முதுகு வளைந்திருந்தது.

"அவருக்குத் தெரியும்மா" என்றார்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்து சேர்ந்த அன்னைக்கு சாயங்காலமே வந்துட்டார். சண்டைக்குத்தான் வர்றார்னு நினைச்சு ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். குனிஞ்சு உள்ள வந்து, 'அவ இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்துடுவா, அதைக் கவனி. ஆனா கத்தாதே. கத்தினா அவளுக்குக் கை ஓடாது. கத்தாம இருக்க எனக்கு வராது, அதனாலதான் உன்கிட்ட வந்திருக்கா'ன்னார். நான் சொன்னேன்னு சொல்லிடாதே, அவளா சொல்லட்டும்னு வேற சத்தியம் வாங்கிட்டார்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"டெஸ்ட் அன்னைக்கு மைதானத்துக்கு எதிர்ல மரத்துக்குப் பின்னாடி நின்னார். நீங்க தோத்ததும் வந்து என்னைத் திட்டினார் பாருங்க! முப்பது வருஷத் தொழில்ல நான் அப்படி ஒரு பாட்டு வாங்கினதே இல்ல."

"திருட்டு மனுஷன்!" என்றாள் அவள். மைக்கில் சொல்கிறோம் என்பதே நினைவில்லை. பத்தொன்பது வருஷம். கடைக்கு அவர் வந்தபோது எத்தனை தடவை அந்த லென்ஸ் பெட்டியை அவர் கண்முன்னாலேயே இடம் மாற்றி வைத்திருப்பாள்! கண்ணில் நீர் கொட்டியது, வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை.

அப்போது அண்ணி எழுந்தாள். நேராக மேடைக்கு வந்து, தம்பி மனைவியின் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"நான் எழுதினது தப்பு. நூத்துக்குப் பூஜ்யம்" என்றாள். "அவன் பிறந்தப்போ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க திருடன் வந்துட்டான்னு ஓடி வந்தாங்க. அன்னையிலிருந்து ஓயல. 'அக்கா'ன்னு அவன் கூப்பிட்டா நான் படிச்ச பள்ளிக்கூடத்துல மணி அடிக்கலாமா வேண்டாமான்னு வாட்ச்மேன் யோசிப்பார்." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நம்ம தம்பி சத்தத்தை நாலு பேர் குறையா பேசிடுவாங்களோன்னு நினைச்சேன். நீங்க எல்லாம் அதைக் கேட்கத்தான் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது."

அதற்கப்புறம் கூட்டம் யார் கையிலும் நிற்கவில்லை. வரிசையாக வந்து ஆளுக்கொரு திட்டு சொன்னார்கள். அவர் குரலிலேயே சொன்னார்கள். கீழே படிக்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று நூலகர் இரண்டு தடவை மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். அவரும் மைக்கைப் பிடித்தார். ஐந்து நிமிஷம் என்று சொன்னது ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது வேன்காரர் அவளிடம் வந்தார்.

"அக்கா, எங்க மாமனாருக்கும் நீங்களே வந்து பேசணும்."

"ஐயோ, எப்போ தவறினாரு?"

"இல்லக்கா, நல்லா திடமா இருக்கார். இப்பவே சொல்லி வச்சுடறேன்."

"வரிசையில வாங்க தம்பி" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "முதல் இடம் என்னுது."

"எழுபது வயசுக்குள்ள என்ன அவசரம் அண்ணி?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. நீ உள்ளதைத்தான் எழுதுவேன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ உள்ளது என்னன்னு உனக்குத் தெரியணும்ல? வா, எங்கயாவது உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம்."

"அத்தை, நீங்க ஸ்கூல்ல யாரையும் அடிச்சதே இல்லைன்னு ஆரம்பிக்காதீங்க" என்றாள் மகள்.

"அடிச்சேன்டி. ஒரே ஒருத்தனை. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீஸர்."

மூவரும் தெருவைக் கடந்து டீக்கடைக்குள் போனார்கள். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆபீஸர் எப்படி இருப்பார் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது டீ வந்தபோது, கதையில் ஆபீஸர் இன்னும் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.