யாரும் கை நீட்டாத ஊர்

எனக்கு வடதுருவத்தின் மேல் ஆசை வந்ததற்குப் பனிக்கரடி காரணம் இல்லை. நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்ட் என்று தீவுகள் இருக்கின்றன, அங்கே மனிதர்களைவிடக் கரடிகள் அதிகம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கரடிக்குப் பிரஷர் பார்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன்.

என் பெயர் பெமிலா. குவைத்தில் ஐ.சி.யூ. நர்ஸாகப் பாதி ஆயுள் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் ஓய்வெடுக்க அல்ல, படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்க்க. அவர் போன வருடம் போய்ச் சேர்ந்தார். அதற்குள் இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் சபை முழுவதற்கும் நான் சிஸ்டர் ஆகியிருந்தேன். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே ஒரு கை நீளும். கல்யாணப் பந்தியில், பரிமாறிய இலைக்கு மேலேயே ஒரு கை நீண்டது. "சிஸ்டரே, நாடி ஒண்ணு பிடிச்சுப் பாரும்." குழம்புக் கையோடு பிடித்துப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஷாஜன் தங்கமான மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். என் மனம் அந்தப் பட்டியலில் வராது, நான் வீட்டு ஆள். கூட்டுறவு சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பைனாகுலரோடு மணக்குடிக் காயல் கரையில் போய்ப் பறவை பார்த்து நிற்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஸ்வால்பார்ட் பாறைகளில் லட்சக்கணக்கில் பறவைகள் கூடு கட்டுகின்றன என்று காட்டியதும் மனிதர் மடங்கிவிட்டார்.

பிறகு எங்களுக்குக் கல்யாணமான புதிது மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆனால் இருவரும் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கொச்சியில் டூர் கம்பெனியில் இருக்கும் இந்துஜா என்ற பெண் போனில் பொறுமையாக எல்லாம் சொன்னாள். ஜூலையில் போக வேண்டும், அப்போது சூரியன் அஸ்தமிக்காது. சின்னக் கப்பல், கொஞ்சம் பேர்தான். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கி, துப்பாக்கி வைத்த வழிகாட்டியோடு கரையில் நடக்கலாம், தந்தம் வைத்த வால்ரஸ்கள் கூட்டமாகப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்தத் தீவுகள் ஐரோப்பாவின் ஷெங்கன் விசாக் கணக்கில் வராது, அதனால் திரும்பி வருவதற்கும் சேர்த்து இரண்டு தடவை நுழைகிற விசா வேண்டும். பனிக்கு உடுப்பு மேல் உடுப்பாகப் போட வேண்டும். நான் கேட்டது ஒன்றுதான். "கப்பல்ல நம்ம ஊர்க்காரங்க ஆரும் வருவாங்களா?" யாரும் இல்லை என்றாள். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று ஷாஜனிடம் சொல்லியிருந்தேன். சரி என்றார். விசா வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தார். எங்கள் சபையில் பசு கன்று போட்டாலும் காணிக்கை உண்டு, பிள்ளை பாஸானாலும் உண்டு. எல்லாவற்றையும் பேர் சொல்லி வாசிப்பார்கள். குமாரதாஸ் வீட்டில் கிணறு ஊறியதற்குப் பிறகு வந்தது எங்கள் பெயர். "ஷாஜன், பெமிலா குடும்பத்தார், வடதுருவத் தீவுகளுக்குப் போக விசா கிடைத்த கிருபைக்காக."

சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஷாஜனைப் பார்த்தேன்.

"நான் ஆரிட்டயும் சொல்லல்லியே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "கர்த்தருக்குத்தானே குடுத்தேன்."

அன்று மத்தியானமே தேவகனி மைனி வந்தாள். ஷாஜனின் மூத்த அக்கா. அம்மா இறந்த பிறகு அவரை எடுத்து வளர்த்தவள். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். சுகர் உண்டு. காலையிலும் அஸ்தமிக்கிற நேரத்திலும் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்புச் சேலையை விலக்கிக் காட்டுவாள். நான் ஊசி போடுவேன். தானே போடப் படித்துக்கொள்ளச் சொன்னால், "வீட்டுக்குள்ள நர்ஸ வச்சுக்கிட்டு நான் எதுக்குப் படிக்கணும்?" என்பாள்.

"லே ஷாஜா, நானும் வாறேன்" என்றாள்.

"அங்க பயங்கரக் குளிராக்கும் அக்கா."

"எனக்க மவன் பெனிட்டோகிட்டப் போனப்ப ஜெர்மனியில குளிரல்லியா? அந்த விசா இன்னும் கெடக்குல்லா, எத்தன தடவ வேணும்னாலும் போவலாமாம். கூட நர்ஸு வாறா, எனக்கு என்ன பயம்?" என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி பெமிலா, இன்சுலினுக்கு அங்க பிரிஜ் வேண்டாமே. ஊரே பிரிஜ்தானே."

"உறைஞ்சா மருந்து கெட்டுப் போவும் மைனி. சட்டைக்குள்ள வச்சு நடக்கணும்."

"பாத்தியா லே? இதுக்குத்தான் நர்ஸு வேணுங்கது."

"அங்க அஸ்தமிக்கவும் செய்யாது" என்றேன்.

"பின்ன ராத்திரி ஊசி எப்பம் போடுவா?"

"வாட்ச் பாத்துப் போடணும்."

"அத நீ பாத்துக்க மாட்டியா!"

ஷாஜன் என்னைப் பார்த்தார். அக்காவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாத அந்த முகத்தைக் கல்யாண நாளிலிருந்து எனக்குத் தெரியும். பனிப் பாறை மேல் வால்ரஸ்கள் சுகமாகப் படுத்திருக்கின்றன, ரப்பர் படகில் மைனி உடுப்பு உடுப்பாக விலக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், நான் ஊசியோடு நிற்கிறேன். அதுதான் கண்ணில் வந்தது. கோபம் வந்து, அது முழுதாக எழும்புவதற்குள் சலிப்பு வந்து மூடிவிட்டது. அழுகைகூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

மறுநாள் காலையில் ஷாஜனிடம் சொன்னேன். "நீங்களும் மைனியும் போங்க. நான் வரல்ல."

"கோவமா ஏட்டி?"

"கோவந்தான். ஆனா அதுக்காக இல்ல. எனக்குக் கழியல்ல, முடியல்ல. இனி நான் எங்க போனாலும் நர்ஸாத்தான் போவேன். அதுக்குக் குவைத்துலயே கெடந்திருப்பேனே."

"அப்பம் நானும் போவல்ல."

"நீங்க போவணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் எனக்க முன்னாலதான இருப்பீங்க."

அவருக்கு முகம் சுருங்கியது. சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் உண்மை அதுதான். மெதுவாகக் கேட்டார். "அக்காக்கு ஊசி?"

"நீங்க போடுவீங்க."

இந்துஜா கப்பலில் என் படுக்கையை மைனி பெயருக்கு மாற்றித் தந்தாள். ஷாஜன் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார். முதல் பழத்தில் சாறு கசிந்ததைப் பார்த்தே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வீட்டில் யாரும் அந்த வாரம் ஆரஞ்சு தின்னவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் மைனி கண்ணை மூடிப் பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்க, அவரே போட்டுவிட்டார்.

"ஒண்ணும் தெரியல்லியே மக்கா! இவளுக்க கையவிட உனக்க கை மெதுவாக்கும்" என்றாள் மைனி.

எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். சுருக்கென்று இருந்தது.

புறப்படுகிற அன்று வீட்டில் பயண ஜெபம். சபையில் பாதிப் பேர் வந்தார்கள். போதகர் ஐயர் "எங்கள் சிஸ்டரைப் பத்திரமாகத் திருப்பித் தாரும்" என்று உருகி ஜெபித்தார். ஆமென் சொன்ன வாயோடு மூன்று நான்கு கைகள் நீண்டன. "நீரு போயிட்டா ஆரு பாப்பா?" என்றார்கள். பார்த்துக் கொடுத்தேன். பிறகு என் பையோடு நானும் காரில் ஏறிக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை. நீ போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஷாஜன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். "நல்ல பறவை ஒண்ணு பாத்தா நான் ஆருக்கு ஏட்டி காட்டுவேன்?"

"மைனிக்குக் காட்டுங்க" என்றேன். இந்த மனிதரோடு வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்த சாயங்காலங்கள்தான் எனக்குக் கிடைத்த பயணம் என்று அப்போது தோன்றியது.

பஸ்ஸில் திரும்பி, நாகர்கோவிலில் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு இறங்கி, கீரிப்பாறை பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே மலைச்சரிவில் எங்களுக்கு ரப்பர் மரங்கள் நிற்கிற ஒரு விளையும், ஷீட் காயப் போடுகிற கொட்டகையை ஒட்டி ஒரு அறையும் உண்டு. சாரல் மழையில் பால் வெட்டு நின்றுவிட்டது, வெட்டுகிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். போனுக்கு ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மூடுபனி வாசல் வரை வந்து நின்றது. வடதுருவத்துக்கு வாங்கிய கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். வால்ரஸ் இல்லை, அட்டை உண்டு.

படுத்ததும் தூங்கிவிட்டேன். இருட்டுகிற நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன், மைனி ஊசிக்கு வருவாளே என்று. யாரும் வரவில்லை. இந்த நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பயமாக இருந்தது.

மறுநாள் துண்டு எடுக்கப் பையைத் துழாவினேன். அடியில் பிரஷர் மிஷின் கிடந்தது. வடதுருவத்துக்கென்று முதலில் கட்டிய பை அது, பிறகு நான் பிரிக்கவே இல்லை. யாரும் கை நீட்டாத ஊருக்கு இதை எடுத்து வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். என்மேலேயே எரிச்சலாக வந்தது. வேறு வேலையும் இல்லாததால் என் கையிலேயே சுற்றிக் காற்றடித்தேன்.

நூற்றெழுபதைத் தாண்டி நின்றது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்த்தேன். மிஷினுக்கு ஒன்றும் இல்லை.

வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். எத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்தாய் என்று கத்தியிருப்பேன். எத்தனை நாளாக? ஊருக்கு வந்த பிறகு யாரும் என் கையைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டே அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்வதை அந்த அறையில் உரக்கச் சொன்னேன். "உப்பக் குறைக்கணும். நல்லா ஒறங்கணும். நாளைக்கு மறக்காம வந்து காட்டணும், கேட்டியா?"

"சரி சிஸ்டர்" என்று நானே சொல்லிவிட்டு, பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு படுத்தேன்.