கசப்புத் தண்ணி

விடியற்காலை உப்பளப் பாத்தியில் கால் வைத்தால் தண்ணீர் சுடாது, கடிக்கும். பலகையை இழுத்து உப்பு வார வார, பாத வெடிப்பு ஒவ்வொன்றிலும் புகுந்து கடிக்கும். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் என் மகள் நிவேதாவை எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி வரை படிக்கவைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். இரண்டே வருஷத்தில் பெட்டியோடு மரக்காணத்துக்கே வந்து நின்றாள். அன்றைக்கு என் காலைவிட வயிறுதான் அதிகம் எரிந்தது.

வந்தவள் சும்மா இருந்தாளா? சென்னை வேலையை விட்டுவந்த ஜெயசீலனோடு சேர்ந்து, "படித்தவர்களே, ஊருக்குத் திரும்புங்கள்" என்று அனுமந்தையிலிருந்து கிளியனூர் வரை நோட்டீஸ் ஒட்டினாள். ஊரே காறித் துப்பியது.

"உம் பொண்ணுக்கு அங்க வேல போயிடுச்சி. அதான் ஊரான் புள்ளைங்களையும் கெடுக்குறா" என்றாள் கொளஞ்சியம்மாள். இருபது வருஷமாக என் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவள். அவள் மகன் தமிழ்வேந்தன் குவைத்தில் பம்பு கம்பெனி இன்ஜினியர். எனக்கும் அதே சந்தேகம்தான். பஸ் ஸ்டாண்டில் இருந்த நோட்டீஸை நானே கிழித்தேன். ஒளிப்பானேன்?

இந்தச் செவ்வாய்க்கிழமை கொளஞ்சி பலகையோடு பாத்தியிலேயே விழுந்தாள். தூக்கி வரப்பில் உட்காரவைத்தோம். தண்ணீர் கடிக்காமல் இருக்க நாங்களெல்லாம் பால் கவரைக் காலில் மாட்டிச் சணலால் கட்டிக்கொள்வோம். தகவல் கேட்டு ஓடிவந்த நிவேதா அந்தக் கவரை அவிழ்த்தாள். உள்ளே தேங்கிய தண்ணீரில் பாதம் வெந்து, தோல் கவரோடு வந்தது. ஐயோ, அதைப் பார்த்த கண்ணைப் பிடுங்கிப் போடலாம்.

"யாரும்மா இதக் கட்டச் சொன்னது? உள்ள பூந்த தண்ணி வெளிய போக வழியே இல்லியே!"

யாரும் சொல்லவில்லை. நாங்களே கண்டுபிடித்த வைத்தியம்.

பாத்தித் தண்ணீரை மொண்டு, கொட்டகையில் கிடந்த, உப்பின் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து மிதக்கவிட்டாள். "முப்பத்திரண்டு டிகிரி! இருபத்தொன்பத தாண்டவே கூடாது. உப்பு எறங்கினதும் மிச்சத் தண்ணிய வெளியேத்தணும். மாசக்கணக்கா செய்யல. அது மேலயே புதுசு பாய்ச்சுறாங்க. இது கசப்புத் தண்ணிம்மா, புண்ண ஆற வுடாது."

அளத்து முதலாளி அசோகன் புல்லட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னா கூட்டம்? வெயிலு ஏறதுக்குள்ள வாரணும்னு தெரியாது?"

"இந்தத் தண்ணிய மொதல்ல எறைச்சி வுடுங்க சார். அதுவரைக்கும் யாரும் எறங்க மாட்டாங்க" என்றாள் நிவேதா.

"ஓ, சிங்கப்பூரு மேடமா?" சிரித்தார். "எறைச்சி வுட்டா பத்து நாளு உப்பு போச்சி. ஏம்மா அம்சவள்ளி, துபாய்ல நம்ம ஆளு இருக்கான். நாளைக்கே விசாவுக்குச் சொல்றேன். பொண்ண ஏத்தி அனுப்பிட்டு நிம்மதியா இரு."

அவள் வந்த நாளிலிருந்து மூன்று மாதமாக நான் சாமியிடம் கேட்ட வரம் அது. சரிங்க என்கிற சொல் வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: என் பெண்ணை அனுப்ப இந்த ஆளுக்கு என்ன அவசரம்? படித்தவள் இங்கே நின்றால் ஆகாதது அவருக்குத்தானே!

குனிந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். நாங்கள் தண்ணீர் பார்ப்பது அப்படித்தான். நாக்கு சுருண்டது. இந்தக் கசப்பு எனக்குப் பழக்கம்தான். வெயில்காலத் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பித் தொலைத்தேன். ஒரு கை மொண்டு அவர் முன்னால் நீட்டினேன்.

"ஒரு சொட்டு நாக்குல வையிங்க மொதலாளி. வெறும் உப்பா இருந்தா இப்பவே எறங்குறோம்."

அவர் கை நீளவில்லை. "கொழுப்புடி உங்களுக்கு! நாளைக்கு வேற ஆளுங்கள எறக்குறேன், பாரு."

"எறக்குங்க. அவங்களுக்கும் காலு இருக்குதுல்ல?" என்றாள் கொளஞ்சி, வரப்பில் உட்கார்ந்தபடியே.

எங்கள் பதினேழு பேரின் பலகைகளும் வரப்பில் விழுந்தன. புல்லட் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

கொளஞ்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜெயசீலன் ஆட்டோ கொண்டுவந்தான். ஏறியவள் மகனுக்குப் போன் போட்டாள்.

"டேய் தமிழு, ஊருப் பக்கம் வராதன்னு சொன்னவ நான்தான். இப்ப நானே கூப்புடுறேன். இந்தத் தண்ணிய எறைக்க பம்பு தெரிஞ்ச ஆளு வேணும். எப்படா வர்ற?"

போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ அப்படியே கிளம்பியது.

நான் நிவேதாவிடம் திரும்பினேன். "நோட்டீஸு மிச்சம் இருக்குதாடி?"

"இருக்குது. பஸ் ஸ்டாண்டுல ஒட்டுனத யாரோ கிழிச்சிட்டாங்கம்மா."

"நான்தான்டி கிழிச்சேன். கொண்டா, அளத்து கேட்டுல நானே ஒட்டுறேன்."