பூஜ்யத்துக்குக் கீழே

எதையும் நம்பக்கூடாது என்பதுதான் அவளுடைய பிழைப்பு. தராசு பழுது பார்க்கும் கடையில் கணவர் உள்ளே உட்கார்ந்து ஸ்பிரிங்கோடும் திருகாணியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, முன்னால் மேசை போட்டு, வருகிற தராசுகளை எடைக்கல் வைத்துச் சோதிப்பவள் அவள். 'சும்மா ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுங்க' என்று பச்சைப்பிள்ளை முகத்தோடு வந்து நிற்கும் வியாபாரியின் தராசில் எந்த மூலையில் கோளாறு ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். முதல் வேலையாகத் தட்டைக் காலி செய்யச் சொல்வாள். "காலித் தட்டுக்கு முள்ளு பூஜ்யத்துல நிக்கணும். நிக்கலைன்னா ஒண்ணு தராசு பொய் சொல்லுது, இல்லைன்னா தராசுக்குச் சொந்தக்காரர் பொய் சொல்றாரு" என்பாள். சந்தை முழுக்க அவளுக்குப் 'போலீஸ்காரம்மா' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவளை ஒன்பதாம் மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

போகும்போதெல்லாம் பிரஷர் கூடியிருக்கிறது என்றார்கள். முதலில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். வாயில் வைக்க வழியில்லாத சாப்பாட்டை முகம் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு மாத்திரை கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். கால் இரண்டும் வீங்கிப்போய்க் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மோதிரத்தைக் கழற்றச் சோப்பு நுரை வேண்டியிருந்தது. "வந்து சேர்ந்துடுங்கம்மா, எங்க கண் முன்னால இருந்தா நல்லது" என்று பிரஷர் பார்க்கும் நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். குள்ளமாக, சுறுசுறுப்பாக, ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காமல் பொரிந்துகொண்டே இருப்பவர் என்பதால் இவள் அவருக்கு மனசுக்குள் 'கடுகு' என்று பெயர் வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை சிஸ்டர். உங்க மெஷினுக்குத்தான் பிரஷர்" என்பாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரிப்பார்கள். கடுகு சிரிக்காமல் எழுதிக்கொள்வார். சிரிக்காதவர்களைப் பார்த்தாலே இவளுக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அவளுடைய அக்காவுக்கு இதே ஆஸ்பத்திரியில்தான் இரண்டு பிள்ளைகளையும் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. மற்றவர்களையும் மறக்க விடுவதில்லை. தினமும் போன் செய்து திரியைத் தூண்டிவிடுவாள்.

"முதல்ல பிரஷர்ம்பாங்க. அப்புறம் தண்ணி குறைஞ்சிடுச்சும்பாங்க. உங்க மாமாவைத் தனியா கூப்பிட்டு குசுகுசுன்னு பேசினாங்க. மறுநாளே கத்தி. நீ ஜாக்கிரதையா இருந்துக்கோ, நான் சொல்லிட்டேன்."

இந்தக் குழப்பத்தில் அவள் நம்பியது ஒரே ஒரு பொருளைத்தான். அவள் புலம்பலைத் தாங்கமாட்டாமல் கணவர் பழைய சாமான் கடையில் வாங்கிவந்த பிரஷர் மெஷின். கையில் சுற்ற ஒரு பட்டை, அழுத்த ஒரு ரப்பர் பந்து, காதில் மாட்ட ஒரு குழாய், வட்ட முகத்தில் ஒரு முள். முள் என்று ஒன்று இருந்துவிட்டால் கணவருக்கு அது தராசுதான். ஒரு மாலை முழுக்க அதைப் பிரித்துப் போட்டுத் துடைத்தார். அவள் கையில் பட்டையை இறுக்கிச் சுற்றினார். காற்றுத் திருகை மூடினார். பந்தை அழுத்துவதற்கு முன்பே முள் கொஞ்சம் மேலே ஏறி நின்றது.

"பாத்தியா? பாத்திரத்தை வச்சதும் முள்ளு நகருது. இந்தப் பட்டையோட கனத்தைக் கழிச்சாத்தான் சரியான எடை" என்று சொல்லி, பின்பக்கத்தைத் திறந்து, முள்ளைப் பிடித்துப் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்துத் தெருக் கம்பவுண்டர் காதுக்குழாயை எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், டப்பாவைத் திறந்து கணவரே எடுத்து, கணவரே சுற்றி, கணவரே பார்ப்பார். நூற்று முப்பதைச் சுற்றித்தான் நிற்கும். ஆஸ்பத்திரியில் போனால் நூற்று அறுபது. வீட்டு முள்ளைச் சீர்படுத்தியது அவள் கண்ணெதிரே. ஆஸ்பத்திரி முள்ளை யார் சீர்படுத்தினார்கள், கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

போன தடவை நடந்ததுதான் அவளை அதிகமாக உறுத்தியது. டாக்டரம்மா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரை மட்டும் நிறுத்திக்கொண்டார். கதவின் மேல்பாதியில் மங்கலான கண்ணாடி. கணவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும் டாக்டரம்மா தலையை ஆட்டுவதும் நிழலாகத் தெரிந்தன. வெளியே வந்தவர், முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லை. நல்லா தூங்கச் சொன்னாங்க."

"அதைச் சொல்ல என்னை எதுக்கு வெளிய அனுப்பணும்?"

"நீ எல்லாத்தையும் நோண்டாத. வா, வெயில் ஏறுது."

உங்க மாமாவைத் தனியா கூப்பிட்டு... என்று அக்காவின் குரல் காதுக்குள் ஓடியது. இவரும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாரா? எத்தனை வருஷமாக ஒரே கடையில் உட்கார்ந்து பொய்த் தராசுகளைப் பிடித்திருக்கிறோம், இவர் என் காதிலேயே பூச்சுற்றுகிறாரா? வயிற்றைத் தடவி, 'உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்' என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த தடவை போகவேண்டிய நாள் காலையில் எழுந்தபோதே தலை வெடித்தது. பல் துலக்கும்போது கண் முன்னால் பொறிப்பொறியாகப் பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது அடங்கும்வரை காத்திருந்தாள். இதைச் சொன்னால் போதும், சாக்குக் கிடைத்தது என்று படுக்கவைத்துவிடுவார்கள். வாயைத் திறக்கவில்லை. கணவர் வழக்கம்போலப் பட்டையைச் சுற்றினார். முள் நூற்று நாற்பதில் நின்றது. "கொஞ்சம் கூடத்தான். ராத்திரி நீ சரியா தூங்கலை" என்று கணவர் பூசி மெழுகினார்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மெஷினை டப்பாவோடு பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

பிரஷர் பார்க்கும் மேசை முன்னால் நீள வரிசை. அவள் முறை வந்தது. கடுகு பட்டையைச் சுற்றினார், கேட்டார், புருவத்தைச் சுருக்கினார், மறுபடியும் பார்த்தார்.

"நூத்தி எழுபது. தலைவலி இருக்காம்மா?"

"இல்லை."

"கண்ணு மங்குதா? பூச்சி பறக்கிற மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை." பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து மேசைமேல் டப்பென்று வைத்தாள். "இதுல பாருங்க சிஸ்டர். இப்பவே, இதே கையில."

கணவர் நெளிந்தார். "இது எதுக்கு இங்க..."

"நீங்க சும்மா இருங்க. உங்களை அப்புறம் கேக்கறேன்."

வரிசையில் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். நர்ஸ் சண்டை போடப்போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். கடுகு சண்டை போடவில்லை. "சரி, பாத்துடுவோம். எப்படிப் பாப்பீங்க?" என்று கணவரிடமே கேட்டார். கணவர் வீட்டில் செய்வது போலவே இறுக்கிச் சுற்றி, திருகை மூடி, முள் பூஜ்யத்தில் நிற்பதைக் காட்டிவிட்டுக் கொடுத்தார். கடுகு பந்தை அழுத்தி, குழாயில் கேட்டார்.

"நூத்தி நாப்பது" என்றார்.

"பாத்தீங்களா!" அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் பாத்துக்கோங்க! ஒரே கை, ஒரே நேரம். யார் மெஷின் பொய் சொல்லுது?"

கடுகு திருகைத் திறந்தார். பட்டையை அவிழ்த்தார். அதை உள்ளங்கையால் அழுத்தி, மிச்சமிருந்த காற்றையும் வெளியேற்றினார். பிறகு மெஷினை மேசைமேல் அவள் முகத்துக்கு நேராக வைத்தார்.

முள் இறங்கியது. பூஜ்யத்தில் நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டி, எழுத்தே இல்லாத வெள்ளை இடத்துக்குப் போய், அங்கே நின்றது.

அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலித் தட்டு. பூஜ்யத்துக்குக் கீழே முள். இப்படி ஒரு தராசோடு எவனாவது கடைக்கு வந்திருந்தால் சந்தை முழுக்கக் கேட்கும்படி கிழித்திருப்பாள். இது வீட்டிலேயே இருந்திருக்கிறது. டப்பாவிலிருந்து அவர் எடுத்துச் சுற்றியபிறகுதான் அவள் முள்ளைப் பார்ப்பது வழக்கம். காலித் தட்டை ஒரு நாளும் பார்க்கவில்லை. போலீஸ்காரம்மா!

மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அவர் மெஷினைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "பட்டையோட கனம்னு நெனச்சேன்" என்றார். "நான் இறுக்கின இறுக்குல உள்ள இருந்த காத்துதான் முள்ளைத் தள்ளியிருக்கு. அதையும் சேர்த்துக் கழிச்சுட்டேன். இத்தனை நாளா உன் பிரஷரைத்தான் கழிச்சிருக்கேன்."

"அன்னைக்கு டாக்டரம்மா உங்களை மட்டும் கூப்பிட்டு என்ன சொன்னாங்க?"

"உன்னை உடனே சேர்க்கணும்னாங்க. உன்கிட்ட சொன்னா பயத்துல இன்னும் ஏறும், பக்குவமா சொல்லி நீங்களே கூட்டிட்டு வாங்கன்னாங்க." அவருடைய குரல் உடைந்தது. "நான்தான் சண்டை போட்டேன். நாங்க தராசுக்காரங்க, எங்க முள்ளு பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கவில்லை. அவளுக்காகத்தான் கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறார், மடத்தனமாக. அவளுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை.

"சிஸ்டர்" என்றாள். "தலைவலி இருக்கு. காலையில இருந்தே. கண்ணுல பொறி பறக்குது. முன்னாடி நான் சொன்னது பொய்."

கடுகு அப்போதுதான் உண்மையில் பொரிந்தார். சக்கர நாற்காலி வந்தது, வலிப்பு வராமல் இருக்க ஊசி வந்தது, டாக்டரம்மா வந்தார். காத்திருக்க நேரம் இல்லை, இன்றைக்கே பிள்ளையை எடுத்தாக வேண்டும், இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது என்றார். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டு, ஒரு வார்த்தையும் படிக்காமல் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவை.

தள்ளிக்கொண்டு போகும்போது கணவர் கூடவே ஓடிவந்தார். இன்னமும் ஒரு கையில் அந்த மெஷின், பட்டை தரையில் இழுபட.

"அதைக் கீழ போடுங்க. என் கையைப் பிடிங்க" என்றாள்.

பிடித்தார். கதவு வரைக்கும்தான் விட்டார்கள்.

உள்ளே, முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. மார்புக்குக் குறுக்கே ஒரு பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத இடத்தில் மற்றவர்கள் கை வைத்து வேலை செய்வது அவளுக்குப் புதிது. பயந்தாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கணவரை மன்னிப்பது இருக்கட்டும், தன்னை எப்படி மன்னிப்பது என்று நினைத்து நினைத்துப் பயந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனத்தைப்போல அவள் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

பிறகு பிள்ளை அழுதது. மெலிதாக, எரிச்சலாக, யாரையோ குறைசொல்வது போல.

"பொண்ணும்மா" என்று யாரோ சொன்னார்கள். தலையைத் திருப்பினாள். மூலையில் ஒரு தராசு. அதன் தட்டில் ஒரு துணியை விரித்துக்கொண்டிருந்தார் முகம் மூடிய ஒரு நர்ஸ். பிள்ளையை அதில் கிடத்தி எட்டிப் பார்த்தார். "எடை கொஞ்சம் கம்மிதான், ஆனா பயமில்லை" என்றார்.

அவளுக்கு நாக்கு குழறியது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"துணியோட எடையைக் கழிச்சீங்களா?"

"கழிச்சாச்சும்மா."

"காலித் தட்டுக்கு முள்ளு..." என்று ஆரம்பித்தாள். பிள்ளையின் கால் ஒன்று துணிக்கு வெளியே வந்து காற்றை உதைத்தது. அவள் அதைப் பார்த்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"சரி சிஸ்டர்" என்றாள். "நீங்க சொன்னா சரிதான்."