நடுவில் பெரிய எழுத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு உடைந்த குக்கீகளிலிருந்து கிடைத்தது. என் அக்கா வீட்டிலேயே அலங்காரக் குக்கீ செய்து விற்கிறாள். உடைந்தது, கோணியது எல்லாம் எனக்கு. ஓசியில் தின்றவன் ஒரு கதையாவது எழுத வேண்டாமா?

முதல் தொடக்கம்: "வெள்ளைச் சர்க்கரைப் பரப்பின் மேல் சிவப்பாய் ஓர் எழுத்து, காதலைப் போல மெல்ல..."

(அக்கா எட்டிப் பார்த்தாள். "காதலைப் போலயா? ஐசிங் கெட்டியா இருந்தா மெல்லத்தான்டா வரும். அடிச்சிடு." அடித்துவிட்டேன். நீங்களும் பார்க்க வேண்டுமே என்று விட்டும் வைத்திருக்கிறேன். பட்ட பாடு வீணாகலாமா?)

2

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கீயில் எழுத்துப் போடப் பல வழி உண்டு. கை நடுங்காதவர்கள் ஐசிங் என்கிற சர்க்கரைக் குழம்பை அடைத்த பையைப் பிழிந்து நேராகவே எழுதிவிடுவார்கள். நடுங்குகிறவர்கள் மேலே விளக்கு வைத்து எழுத்தின் உருவத்தைக் குக்கீமேல் விழவைத்து, அந்தக் கோட்டின் மேலேயே போவார்கள். என் நண்பர்கள் சிலர் நாவல் எழுதுவதும் இந்த முறையில்தான். வழவழப்பான தாளில் தனியாக எழுதிக் காயவைத்து, உரித்து எடுத்து ஒட்டுவது இன்னொன்று. மாவிலேயே அச்சு வைத்து அழுத்துவதும் உண்டு. அவசரக்காரர்களுக்குத் தின்னக்கூடிய மை அடைத்த பேனா இருக்கிறது. நேராகப் பிழிகிறவர்களுக்கு அக்கா சொல்லும் விதி ஒன்றுதான்: அடியில் பூசியிருக்கும் வெள்ளை ஐசிங் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

மோனோகிராம் என்பது பேர்களின் முதலெழுத்துகளைப் பின்னி முத்திரையாக்குவது. யார் எழுத்து நடுவில், யார் எழுத்து பெரிசு என்பதில் மனஸ்தாபம் வரும் என்று எந்தச் செய்முறையிலும் போடுவதில்லை.

3

அக்கா மகளுக்குக் கல்யாணம். குக்கீ அக்கா செய்வது. மோனோகிராம் சம்பந்தியம்மா அனுப்பியது. மாப்பிள்ளையின் எழுத்து நடுவில், யானை மாதிரி. எங்கள் பெண்ணின் எழுத்து அதன் காலடியில், கொசு மாதிரி.

"எங்க குடும்பத்துல இப்படித்தான் சம்பந்தி. வர்ற பொண்ணோட எழுத்து அடக்கமா இருந்தாத்தான் அழகு" என்றார் போனில்.

அக்கா "சரிங்க" என்றாள். ஊர்ப்பட்ட வாய் பேசுகிறவள், பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். வாயில் காட்ட முடியாத கோபத்தைக் கையில் காட்டினாள். வெள்ளை காயும்வரை பொறுக்காமல், ஈரத்தின் மேலேயே வரிசையாகப் பிழிந்து தள்ளினாள். மறுநாள் பார்த்தால், பெரிய எழுத்தின் சிவப்பு கசிந்து பரவிச் சின்ன எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

நான் பேனாவைத் தேடி ஓடினேன். "அக்கா, என்ன ஒரு குறியீடு!"

"குறியீடாவது மண்ணாங்கட்டியாவது. ஈரம்டா அது."

4

இந்த இடத்தில் மாப்பிள்ளை பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வில்லனாக்கிப் பார்த்தேன்: "மீசையை முறுக்கியபடி அவன்..." அவனுக்கு மீசையே கிடையாது. நல்ல பையன். எல்லோருக்கும் நல்ல பையன், அதுதான் கோளாறே.

மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டும் என்றானதும் அக்கா மகள் வந்து நின்றாள். அவள் பல் டாக்டர். தொழில் முறையில் குக்கீக்கு எதிரி.

"மறுபடி போடறதுதானே. ரெண்டு எழுத்தையும் ஒரே அளவாப் போடும்மா."

"அவங்க கோவிச்சுக்குவாங்கடி."

"கோவிச்சுக்கட்டும். அவர் என்ன சொல்றார்னுதான் எனக்குத் தெரியணும். இதுக்கே எனக்காக ஒரு வார்த்தை பேசலைன்னா, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்தேன். கதை கிடக்கட்டும், இவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

5

முடிவு ஒன்று: மாப்பிள்ளை தன் அம்மாவிடம் பொங்கி எழுகிறான். (அக்கா: "ஏன்டா, சினிமாவா எடுக்கிற?")

முடிவு இரண்டு: சம்பந்தியம்மா தானாகவே மனம் மாறி... (அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு குக்கீ கீழே விழுந்து உடைந்தது. தின்றேன்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் மாப்பிள்ளையே வந்துவிட்டான்.

"குக்கீயில ஏதோ பிரச்சினையாமே அத்தை? அம்மா போய்ப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

மேசை நிறைய வெள்ளைக் குக்கீகள், எழுத்தில்லாமல் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா மகள் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இதுக்குப் போயா? யார் எழுத்து பெருசா இருந்தா என்ன? எப்படியும் வயித்துக்குள்ளதானே போகப்போகுது."

எவ்வளவு நியாயமான பேச்சு. நானே தலையாட்டிவிட்டேன்.

"சரி" என்றாள் அவள். "அப்ப என் எழுத்தை நடுவுல பெருசாப் போடச் சொல்றேன். உங்க எழுத்து காலடியில இருக்கட்டும்."

சிரிப்பு நின்றுபோனது. அக்கா ஐசிங் பையை எடுத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

6

அவனுக்கு ஒரு வசனம் எழுதிக்கொடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? நல்ல வசனமாகவே கொடுப்பேன். அக்காகூடக் குறை சொல்ல முடியாது. நீங்களும் ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். தயவுசெய்து யாரும் எடுத்துக்கொடுக்காதீர்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குள் நாமா கூடவே போய் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கப்போகிறோம்? அவனே சொல்லட்டும். அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள்.