மரகதம் திறந்த மதகு

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், குன்னூர் பக்கத்துத் தொழிற்சாலை கிளப் நாடகத்தில் ராணி வேஷம் என்றால் சில்வஸ்டர்தான். மீசையை மழித்துவிட்டு, பட்டுப் புடவையில் வந்து நின்றாரென்றால் அவர் மனைவிக்கே பொறாமை வரும். அந்த ஆண்டுவிழாவுக்கு, அந்த வேஷத்தை டைப்பிஸ்ட் மரகதம் கேட்டுவிட்டாள். பெண் வேஷத்தைப் பெண் கேட்டதற்கு ஊரே அமளிப்பட்டது.

கடைசியில் கிளப் செயலாளர் ராமகிருஷ்ணன் இறங்கி வந்தார். "பாருங்கம்மா, இந்த ஒரு தடவைதான். நாடகம் பாதியில நின்னுச்சுன்னா, அப்புறம் எந்தப் பொம்பளையும் இந்த மேடைப் பக்கம் வரக் கூடாதுங்க."

"நிக்காதுங்க," என்றாள் மரகதம்.

நாடகம் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஹாலந்துக் கதை. கொர்னேலியா என்ற பிரபுகுலப் பெண், கணவன் செத்த பிறகு, மகன் தலையெடுக்கும்வரை அவனுக்காக நாட்டை ஆள்கிறாள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சபையே சிரிக்கிறது. எதிரிப் படை வாசலுக்கு வந்ததும், கடலைத் தடுத்து நிற்கும் மதகுகளைத் திறந்துவிட்டு அத்தனை பேரையும் மூழ்கடிக்கிறாள். அந்தச் சபையை மரகதத்துக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஆபீசில் அதற்குத்தான் டைப் அடித்துக் கொடுத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. வெள்ளக் காட்சியில்தான் விஷயம் தெரிந்தது. வெள்ளமாக ஆட்ட வேண்டிய நீலத் துணியைச் சுருட்டிக்கொண்டு சில்வஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு வயிற்றெரிச்சல். எதிரித் தளபதி வேஷத்தில் தனசிங் வாளை உருவிக்கொண்டு நிற்கிறான், மூழ்கத் தண்ணீர் இல்லை. முன்வரிசையில் ராமகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

மரகதத்துக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகை வரவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியம். "திறங்கடா மதகை!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை. விடுவிடுவென்று போய் மேடையின் பக்கக் கதவைத் தானே எட்டி உதைத்தாள். சாயங்காலத்திலிருந்து வெளியே மண்டிக் கிடந்த பனிமூட்டம் மொத்தமும் உள்ளே புகுந்தது. தளபதியின் முழங்கால் மறைந்தது, பிறகு இடுப்பு மறைந்தது.

"ஐயோ, முங்கறேன்!" என்று வசனத்தில் இல்லாததைச் சொல்லிவிட்டுத் தனசிங் தடாலென்று விழுந்தான். பின்னாலேயே படையும் விழுந்தது. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. இடுப்பளவு பனியில் நின்று மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். ஹாலந்து முழுவதும் அப்போது அவளுக்குத்தான் சொந்தம்.

திரை விழுந்ததும் ராமகிருஷ்ணன் மேடைக்கே ஓடி வந்தார். "ஏனுங்க, அடுத்த வருஷமும் ராணி நீங்கதானுங்களே?"

"ராணியச் சில்வஸ்டரண்ணனுக்கே குடுத்துருங்க, பாவம்," என்றாள் மரகதம். "எனக்கு ராஜா வேஷம் போடுங்க."